ஐந்து நட்சத்திரங்களின் கதை

2004 பிப்ரவரி மாதம். அமேசான் நிறுவனத்தின் கனடா தளத்தைத் திறந்தவர்களுக்கு ஒரு வேடிக்கை காத்திருந்தது. "சிகாகோவிலிருந்து ஒரு வாசகர்", "நியூயார்க்கிலிருந்து ஒரு வாசகர்" என்று பெயர் போடாமல் எழுதப்பட்டிருந்த புத்தக விமர்சனங்களில், எழுதியவர்களின் உண்மையான பெயர்கள் வந்து நின்றன. ஏதோ மென்பொருள் கோளாறு. சில நாட்களில் சரிசெய்துவிட்டார்கள். ஆனால் அதற்குள் பலருடைய குட்டு உடைந்துவிட்டது!

அந்தச் சிகாகோ வாசகர்களில் ஒருவர், ஒரு புதிய நாவலுக்கு ஐந்து நட்சத்திரம் கொடுத்துப் பாராட்டியிருந்தார். பெயரைப் பார்த்தால் ஜான் ரெச்சி. நாவலை எழுதியவர் பெயரைப் பார்த்தால் அதுவும் ஜான் ரெச்சி! இவர் ஒன்றும் புதுமுகம் இல்லை. 1963ல் வந்த 'சிட்டி ஆஃப் நைட்' நாவலால் அமெரிக்கா முழுவதும் அறியப்பட்டவர். யார் வேண்டுமானாலும் முகம் காட்டாமல் வந்து ஒரு புத்தகத்தைத் திட்டிவிட்டுப் போகலாம் என்கிற ஏற்பாடே அபத்தம், அப்படியிருக்க எழுத்தாளன் மட்டும் ஏன் கைகட்டி நிற்க வேண்டும் என்பது அவருடைய வாதம்.

இன்று ஒரு புத்தகம் வாங்குவதற்கு முன் நட்சத்திரங்களை எண்ணிப் பார்ப்பது பல் துலக்குவது போல ஒரு பழக்கமாகிவிட்டது. அந்த நட்சத்திரங்கள் எங்கிருந்து வந்தன? யார் கொடுத்தார்கள்? யாருக்கு லாபம்? கொஞ்சம் பின்னோக்கிப் போய்ப் பார்க்கலாம்.

புத்தகம் என்கிற விசித்திரமான சரக்கு

முதலில் ஒரு சின்னப் பொருளாதாரப் பாடம். (வணிகவியல் படிப்பவர்கள் தூங்க வேண்டாம், இது தேர்வுக்கு வராது!)

1970ல் இரண்டு கட்டுரைகள் வெளிவந்தன. ஒன்று பிலிப் நெல்சன் எழுதியது. சில பொருட்களை வாங்கும் முன்பே சோதித்துவிடலாம், சிலவற்றைப் பயன்படுத்திய பிறகுதான் தரம் தெரியும் என்று அவர் பிரித்துக் காட்டினார். இரண்டாவது, ஜார்ஜ் அகர்லாஃப் எழுதியது. பழைய கார் சந்தையில் விற்பவருக்கு வண்டியின் குறை தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. இந்த ஏற்றத்தாழ்வு நீடித்தால் நல்ல வண்டிக்காரர்கள் சந்தையை விட்டே போய்விடுவார்கள் என்றார். 2001ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்ததற்கு இந்தக் கட்டுரை முக்கியக் காரணம்.

புத்தகத்தை இந்த இரண்டு கண்ணாடிகளையும் போட்டுக்கொண்டு பாருங்கள். படித்து முடித்தால்தான் தரம் தெரியும். தெரிந்த பிறகு என்ன பயன்? ஒரு சோப்பு பிடித்துப்போனால் அடுத்த மாதமும் அதையே வாங்கலாம். ஒரு துப்பறியும் நாவல் பிடித்துப்போனால் அதையே இன்னொரு பிரதி யாரும் வாங்கப் போவதில்லை. ஒவ்வொரு முறையும் தெரியாத சரக்கைத்தான் வாங்க வேண்டும். ஆகவே வாங்குபவருக்கு வேறொருவர் வாய்ச்சொல் தேவை. கடைக்காரர், நூலகர், நண்பர், பத்திரிகை விமர்சகர்... யாராவது ஒருவர் சொல்ல வேண்டும்.

பத்திரிகைகள் இந்த வேலையை நெடுங்காலம் செய்தன. நியூயார்க் டைம்ஸ் 1896லேயே புத்தகங்களுக்கென்று தனி இணைப்பைத் தொடங்கியது. லண்டனில் 1902ல் டைம்ஸ் இலக்கிய இணைப்பு வந்தது. இதில் ஒரு சுவாரசியமான விஷயம். லண்டன் இணைப்பில் 1974 வரை விமர்சகர்களின் பெயர் போடுவதே இல்லை! முகம் தெரியாத விமர்சனத்தை இணையம்தான் கண்டுபிடித்தது என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

தனக்குத் தானே மாலை

பெயர் போடாத இடத்தில் வேறொரு வேலையும் நடக்கும் அல்லவா? அதுவும் நடந்தது.

1817ல் 'குவார்ட்டர்லி ரிவ்யூ' இதழில் 'டேல்ஸ் ஆஃப் மை லாண்ட்லார்ட்' என்ற நூலைப் பற்றி ஒரு விரிவான விமர்சனம் வந்தது. நூலிலும் ஆசிரியர் பெயர் இல்லை, விமர்சனத்திலும் பெயர் இல்லை. இரண்டையும் எழுதியதில் பெரும்பங்கு சர் வால்டர் ஸ்காட்டுடையது.

1855ல் அமெரிக்கக் கவிஞர் வால்ட் விட்மன் 'புல்லின் இதழ்கள்' கவிதைத் தொகுப்பைச் சொந்தச் செலவில் வெளியிட்டார். யாரும் கண்டுகொள்ளவில்லை என்றால் என்ன செய்வது? தானே பெயர் போடாமல் பாராட்டி எழுதிப் பத்திரிகைகளுக்கு அனுப்பினார். ஒன்றல்ல, மூன்று விமர்சனங்கள்.

1963ல் ஆங்கில எழுத்தாளர் ஆந்தனி பர்ஜஸ் இன்னும் ஒரு படி மேலே போனார். அவர் ஜோசப் கெல் என்ற புனைபெயரில் எழுதிய நாவலை, 'யார்க்ஷயர் போஸ்ட்' பத்திரிகை அவரிடமே விமர்சனத்துக்கு அனுப்பிவிட்டது. ஆசிரியர் விளையாடுகிறார் போலிருக்கிறது என்று நினைத்து பர்ஜஸும் எழுதிக் கொடுத்துவிட்டார். ஆசிரியர் விளையாடவில்லை. விஷயம் தெரிந்ததும் வேலை போய்விட்டது!

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். பர்ஜஸுக்கு வேலை போனது. அதாவது தவறு செய்தால் தண்டிக்க அங்கே ஒரு ஆசிரியர் இருந்தார். விமர்சகரின் பெயர் வாசகருக்குத் தெரியாவிட்டாலும் ஆசிரியருக்குத் தெரியும். அந்த ஒரே ஒரு பூட்டுதான் பின்னால் இணையத்தில் காணாமல் போனது.

சியாட்டில், 1995

நியூயார்க்கில் நல்ல சம்பளத்தில் இருந்த ஜெஃப் பெசோஸ் 1994ல் வேலையை விட்டுவிட்டு சியாட்டில் நகரத்துக்குப் போனார். 1995 ஜூலையில் அமேசான் தளம் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. அப்போது அது புத்தகக் கடை மட்டுமே.

இணையக் கடைக்கு ஒரு பெரிய குறை உண்டு. புத்தகத்தைக் கையில் எடுத்துப் புரட்ட முடியாது. நடுவில் ஒரு பக்கத்தைப் படித்துப் பார்க்க முடியாது. கடைக்காரரிடம் "இது எப்படி சார் இருக்கும்?" என்று கேட்கவும் முடியாது. இந்தக் குறையை ஈடுகட்ட ஒரு வழி, வாங்கியவர்களையே எழுதச் சொல்வது. யார் வேண்டுமானாலும் எழுதலாம். நல்லதாகவும் எழுதலாம், கெட்டதாகவும் எழுதலாம்.

அந்தக் காலத்தில் இது பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்தது. தன் கடையிலேயே, தான் விற்கும் சரக்குக்குப் பக்கத்திலேயே "இதை வாங்காதீர்கள்" என்று எழுத எந்தக் கடைக்காரராவது இடம் கொடுப்பாரா? ஒரு பதிப்பாளர் பெசோஸுக்கு இப்படியே கடிதம் எழுதினாராம். புத்தகம் விற்றால்தானே உனக்குப் பணம், உன் தொழில் உனக்கே புரியவில்லையா என்று. பெசோஸ் பின்னாளில் பேட்டிகளில் இதைச் சொல்லியிருக்கிறார். சரக்கை விற்பதில் பணம் வருவதில்லை, எதை வாங்கலாம் என்று முடிவெடுக்க வாடிக்கையாளருக்கு உதவுவதில்தான் பணம் வருகிறது என்பது அவருடைய பதில்.

பேச்சில் உண்மை இருக்கிறது. கூடவே கணக்கும் இருக்கிறது. அமேசான் தொடக்கத்தில் சம்பளத்துக்கு ஆசிரியர்களை வைத்துப் புத்தகக் குறிப்புகள் எழுத வைத்தது. 1996ல் அப்படி வேலைக்குச் சேர்ந்த ஜேம்ஸ் மார்கஸ் என்பவர் அந்த அனுபவத்தை 2004ல் 'அமேசானியா' என்ற புத்தகமாகவே எழுதினார். போகப் போக அந்த ஆசிரியர்களின் இடத்தைத் தானியங்கி மென்பொருளும், வாசகர்களின் விமர்சனங்களும் பிடித்துக்கொண்டன. மென்பொருளுக்குச் சம்பளம் இல்லை. வாசகருக்கும் சம்பளம் இல்லை!

ஒரு பாட்டியும் முப்பத்தோராயிரம் புத்தகங்களும்

சம்பளம் இல்லாத வேலையை யார் செய்வார்கள் என்று கேட்கலாம். ஹாரியட் கிளாஸ்னர் செய்தார்.

இவர் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் வாழ்ந்த முன்னாள் நூலகர். அமேசானின் விமர்சகர் வரிசையில் பல ஆண்டுகள் முதலிடத்தில் இருந்தவர். ஒரு நாளைக்கு நான்கைந்து புத்தகம் படிப்பதாகச் சொல்வார். 2015ல் அவர் இறந்தபோது, எழுதி வைத்திருந்த விமர்சனங்களின் எண்ணிக்கை 31,000க்கும் மேல். 2006ல் டைம் பத்திரிகை ஆண்டின் சிறந்த மனிதராக "நீங்கள்" என்று இணையவாசிகள் எல்லோரையும் தேர்ந்தெடுத்ததே, ஞாபகம் இருக்கிறதா? அந்த இதழில் எடுத்துக்காட்டாகக் காட்டப்பட்ட சிலரில் கிளாஸ்னரும் ஒருவர்.

ஆனால் அவர் கொடுத்தது பெரும்பாலும் நான்கு நட்சத்திரம் அல்லது ஐந்து நட்சத்திரம்தான். பிடிக்காத புத்தகத்தைப் பாதியிலேயே வைத்துவிடுவேன், படித்து முடித்ததை மட்டுமே எழுதுகிறேன் என்று விளக்கம் சொன்னார். பலர் நம்பவில்லை. ஒரு நாளைக்கு இத்தனை புத்தகம் படிக்க முடியுமா என்று கேலி செய்தார்கள். எல்லாமே நன்றாக இருக்கிறது என்று ஒருவர் சொன்னால், எதுவுமே சொல்லாததற்கு அது சமம்தானே?

2008ல் அமேசான் விமர்சகர்களை வரிசைப்படுத்தும் முறையை மாற்றியது. எண்ணிக்கையை விட, "இந்த விமர்சனம் உங்களுக்குப் பயன்பட்டதா?" என்ற கேள்விக்கு மற்றவர்கள் அளித்த வாக்குக்கு அதிக மதிப்பு வந்தது. கிளாஸ்னர் முதலிடத்திலிருந்து கீழே இறங்கினார். விமர்சகரையே விமர்சிக்கும் காலம் வந்துவிட்டது!

ஒற்றை நட்சத்திரத்தின் பலம்

இந்த நட்சத்திரங்களைப் பார்த்து உண்மையிலேயே யாராவது புத்தகம் வாங்குகிறார்களா? இதைச் சோதிக்க யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜூடித் செவாலியே, டினா மேஸ்லின் ஆகிய இருவர் ஒரு நல்ல வழி கண்டுபிடித்தார்கள். ஒரே புத்தகம் அமேசானிலும் விற்கும், பார்ன்ஸ் அண்ட் நோபிள் தளத்திலும் விற்கும். ஒரு தளத்தில் மட்டும் புதிதாக ஒரு விமர்சனம் வந்தால், அந்தத் தளத்தில் மட்டும் விற்பனை மாறுகிறதா என்று பார்த்தார்கள்.

2006ல் வெளிவந்த அந்த ஆய்வில் மூன்று விஷயங்கள் தெரிந்தன. ஒன்று, நல்ல விமர்சனம் வந்தால் அந்தத் தளத்தில் விற்பனை கூடுகிறது. இரண்டு, ஐந்து நட்சத்திரம் தூக்கிவிடுவதை விட ஒற்றை நட்சத்திரம் இழுத்துப் போடுவது அதிகம். எல்லோரும் புகழும் இடத்தில் ஒருவர் திட்டினால் அதற்குத்தான் காது கொடுக்கிறார்கள்! மூன்று, வாங்குபவர்கள் சராசரியை மட்டும் பார்ப்பதில்லை, எழுதியிருப்பதையும் படிக்கிறார்கள். இந்த மூன்றாவது விஷயத்தை மறந்துவிடாதீர்கள், கடைசியில் தேவைப்படும்.

சாதாரணக் கணக்கு ஒன்று போட்டுப் பாருங்கள். ஒரு புது எழுத்தாளரின் புத்தகத்துக்கு ஐந்து பேர் ஐந்து நட்சத்திரம் கொடுத்திருக்கிறார்கள். சராசரி 5. ஆறாவதாக ஒருவர் வந்து ஒரு நட்சத்திரம் போட்டால் மொத்தம் 26, ஆறால் வகுத்தால் 4.33. ஒரே சொடுக்கில் இறங்கிவிட்டது. இதே ஒற்றை நட்சத்திரம், ஆயிரம் பேர் சராசரியாக 4.5 கொடுத்த புத்தகத்துக்குப் போனால்? சராசரி 4.4965. ஒரு கீறல்கூட விழாது. (2015லிருந்து அமேசான் நேர்ச் சராசரியை விட்டுவிட்டு, விமர்சனம் எவ்வளவு புதியது, உண்மையில் வாங்கியவர் எழுதியதா என்பதையெல்லாம் சேர்த்துக் கணக்கிடத் தொடங்கியது. அது வேறு கதை.)

ஆக, பொய் நட்சத்திரத்தால் அடிபடுவது பிரபலங்கள் இல்லை. முதல் புத்தகம் போட்டுவிட்டுத் தினமும் தளத்தைத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கும் ஆள்தான்.

பேராசிரியர் மாட்டிக்கொண்டார்

கனடா கோளாறு நடந்த அதே 2004ல், உண்மைப் பெயரில் எழுதுபவர்களுக்கு அமேசான் ஒரு அடையாளச் சின்னம் கொடுக்கத் தொடங்கியது. கட்டாயம் இல்லை, விருப்பம்தான். ஆகவே புனைபெயர் ஆட்டம் தொடர்ந்தது.

2010ல் பிரிட்டனில் ஒரு பெரிய கூத்து. ரஷ்ய வரலாற்று அறிஞர்கள் ரேச்சல் பொலான்ஸ்கி, ராபர்ட் சர்வீஸ் ஆகியோரின் நூல்களை யாரோ ஒருவர் அமேசானில் மட்டமாக எழுதியிருந்தார். அதே நபர் ஆர்லாண்டோ ஃபைஜீஸ் என்ற இன்னொரு ரஷ்ய வரலாற்று அறிஞரின் நூலை மட்டும் வானளாவப் புகழ்ந்திருந்தார். சந்தேகம் கிளம்பியது. ஃபைஜீஸ் மறுத்தார், வழக்கறிஞர் மூலம் மிரட்டவும் செய்தார். பிறகு, எழுதியது அவருடைய மனைவி என்று அறிக்கை வந்தது. அதற்குப் பின், எழுதியது தானேதான் என்று அவரே ஒப்புக்கொண்டார். கடைசியில் இழப்பீடு கொடுத்து விவகாரம் முடிந்தது. யோசித்துப் பாருங்கள், ரகசியப் போலீஸும் காட்டிக்கொடுப்பவர்களும் நிறைந்த ஸ்டாலின் காலத்தைப் பற்றி ஆராய்ச்சி செய்தவர் அவர்!

2012ல் குற்றப் புனைகதை எழுத்தாளர் ஆர்.ஜே. எல்லரி இதே போல் சிக்கினார். புனைபெயரில் தன் நூல்களுக்கு ஐந்து நட்சத்திரம், சக எழுத்தாளர்களுக்கு ஒற்றை நட்சத்திரம். ஜெரமி டன்ஸ் என்ற எழுத்தாளர் அதை அம்பலப்படுத்தினார். எல்லரி மன்னிப்புக் கேட்டார். பிரிட்டிஷ் எழுத்தாளர்கள் பலர் சேர்ந்து இந்தப் பழக்கத்தைக் கண்டித்துக் கூட்டறிக்கை விட்டார்கள்.

மொத்தமாக வாங்கினால் தள்ளுபடி

சொந்தமாக எழுதச் சோம்பல்படுபவர்களுக்கு? அதற்கும் கடை திறந்தார்கள்.

2010ல் அமெரிக்காவின் ஒக்லஹோமா மாநிலத்தில் டாட் ரதர்ஃபோர்ட் என்பவர் விமர்சனம் விற்கத் தொடங்கினார். ஒரு விமர்சனம் 99 டாலர். இருபது வாங்கினால் 499 டாலர். ஐம்பது வாங்கினால் 999 டாலர். ஒன்றுக்கு 99 டாலரில் ஆரம்பித்து ஏறக்குறைய 20 டாலர் வரை இறங்குகிறது. மளிகைக் கடையில் மூட்டையாக வாங்குவது மாதிரிதான்! ஒரு கட்டத்தில் மாதம் 28,000 டாலர் வரை வருமானம் வந்ததாக 2012ல் நியூயார்க் டைம்ஸ் எழுதியது. மொத்தம் 4,531 விமர்சனங்கள். எழுத ஆட்களைக் கூலிக்கு வைத்திருந்தார். புத்தகத்தை முழுக்கப் படிக்க அவர்களுக்கு நேரம் ஏது?

அவரிடம் வாங்கியவர்களில் ஜான் லாக் என்பவரும் உண்டு. பெரிய பதிப்பகம் எதுவும் இல்லாமல், கிண்டிலில் பத்து லட்சம் மின்நூல் விற்ற முதல் சுயபதிப்பு எழுத்தாளர் என்று 2011ல் கொண்டாடப்பட்டவர். பத்து லட்சம் விற்றது எப்படி என்று ஒரு புத்தகமும் எழுதினார். 300 விமர்சனங்களை விலைக்கு வாங்கிய கதை மட்டும் அந்தப் புத்தகத்தில் இல்லை!

ரதர்ஃபோர்டின் கடை எப்படிச் சரிந்தது தெரியுமா? விமர்சனம் சீக்கிரம் வரவில்லை என்று கோபப்பட்ட ஒரு வாடிக்கையாளர், அவருடைய சேவையைப் பற்றி இணையத்தில் மோசமாக ஒரு விமர்சனம் எழுதினார். அதன் பிறகு கூகுள் அவருடைய விளம்பரத்தை நிறுத்தியது, அமேசான் அவர் போட்டவற்றில் சிலவற்றை நீக்கியது. வினை விதைத்தவன் வினை அறுப்பான் என்பது இதுதான்.

அலமாரியைக் காட்டியவர்கள்

இன்னொரு பக்கம் வேறு விதமான ஆட்கள் கிளம்பினார்கள். கடையே வேண்டாம், நம் வீட்டு அலமாரியில் என்ன இருக்கிறது என்று நண்பர்களுக்குக் காட்டினால் போதும் என்றவர்கள். 2005 மார்ச்சில் பெய்ஜிங்கில் யாங் போ என்பவர் டோபான் தளத்தைத் தொடங்கினார். அதே ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்காவில் டிம் ஸ்பால்டிங் லைப்ரரிதிங் தளத்தைத் தொடங்கினார். 2007 ஜனவரியில் ஓட்டிஸ் சாண்ட்லர், எலிசபெத் கூரி சாண்ட்லர் தம்பதியின் குட்ரீட்ஸ் வந்தது. நண்பர் வீட்டுப் புத்தக அலமாரியைப் பார்த்தபோதுதான் இந்த யோசனை தோன்றியது என்று சாண்ட்லர் சொல்லியிருக்கிறார்.

இங்கே நட்சத்திரத்தின் அர்த்தமே வேறு. குட்ரீட்ஸில் இரண்டு நட்சத்திரம் என்றால் "பரவாயில்லை", மூன்று என்றால் "பிடித்தது". அமேசானிலோ மூன்று நட்சத்திரம் என்றால் குறை சொல்லும் கணக்கில் சேர்ந்துவிடும். ஒரே வாசகர், ஒரே புத்தகம், ஒரே மனநிலை... இரண்டு தளத்தில் இரண்டு மதிப்பெண்! கடையில் பேசும் தொனி வேறு, திண்ணையில் பேசும் தொனி வேறு அல்லவா?

திண்ணையை 2013 மார்ச்சில் கடைக்காரரே வாங்கிவிட்டார். ஆம், குட்ரீட்ஸை அமேசான் வாங்கியது. அப்போது உறுப்பினர்கள் 1 கோடியே 60 லட்சம் பேர். ஆண்டுக்கணக்கில் இலவசமாக எழுதிக் குவித்த விமர்சனங்கள் எல்லாம் ஒரே கையெழுத்தில் கை மாறின. எழுதியவர்களுக்குப் பங்கு? ஒரு பைசா கிடையாது. "நண்பர்களுக்காக எழுதினோம், அது யாருடைய சொத்தாக ஆனது?" என்ற கேள்வி பலருக்கும் உறைத்தது அப்போதுதான்.

அதே ஆண்டு செப்டம்பரில் இன்னொரு அடி. புத்தகத்தைப் பற்றி இல்லாமல் எழுத்தாளரின் நடத்தையைப் பற்றி எழுதிய விமர்சனங்களையும், அப்படிப் பெயரிட்ட அலமாரிகளையும் குட்ரீட்ஸ் நீக்கத் தொடங்கியது. முன்னறிவிப்பு இல்லாமலே சிலருடையவை அழிக்கப்பட்டன. தளம் மன்னிப்புக் கேட்டது, ஆனால் கொள்கையை மாற்றவில்லை. எழுத்தாளர்களை வசைபாடுவது எல்லை மீறியது என்பது ஒரு பக்கத்து நியாயம். நான் எழுதியதை நீ எப்படி அழிக்கலாம் என்பது மறுபக்கத்து நியாயம். கோபித்துக்கொண்டு சிலர் வேறு தளங்களுக்குக் குடிபெயர்ந்தார்கள்.

படிக்காத புத்தகத்துக்கு மதிப்பெண்

காலம் போகப் போக நட்சத்திரம் ஒரு ஆயுதமாகவே மாறியது. 2010ல் மைக்கேல் லூயிஸின் 'தி பிக் ஷார்ட்' வந்தபோது, கிண்டில் பதிப்பு உடனே கிடைக்கவில்லை என்ற கோபத்தில் பலர் ஒற்றை நட்சத்திரம் போட்டார்கள். அவர்களில் பலர் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. 2017 செப்டம்பரில் ஹிலாரி கிளின்டனின் தேர்தல் நினைவுகள் வெளியானபோது, வந்த முதல் நாளிலேயே ஒற்றை நட்சத்திரமும் ஐந்து நட்சத்திரமும் போட்டி போட்டுக் குவிந்தன. அமேசான் நூற்றுக்கணக்கானவற்றை நீக்கியது.

2023 ஜூனில் நடந்தது இன்னும் ஒரு படி மேல். எலிசபெத் கில்பர்ட் ரஷ்யாவின் சைபீரியாவில் நடக்கும் ஒரு நாவலை அறிவித்தார். 2024 பிப்ரவரியில்தான் வெளிவர வேண்டும். உக்ரைன் போர் நடக்கும் நேரத்தில் ரஷ்யக் கதையா என்று கொதித்தவர்கள் குட்ரீட்ஸில் நூற்றுக்கணக்கில் ஒற்றை நட்சத்திரம் போட்டார்கள். அறிவித்த ஒரு வாரத்துக்குள் கில்பர்ட் நாவலை நிறுத்தி வைத்தார். போரில் வீட்டை இழந்தவரின் வலி பொய் இல்லை. ஆனால் யாரும் படிக்காத புத்தகத்துக்கு வாசகர் மதிப்பெண் என்று பெயர் வைக்கலாமா?

அதே ஆண்டு டிசம்பரில் கேட் கொரேய்ன் என்ற அறிமுக எழுத்தாளர் மாட்டிக்கொண்டார். போலிக் கணக்குகளை உருவாக்கித் தன்னைப் போலவே முதல் நூல் எழுதிய மற்றவர்களுக்குக் குறைந்த மதிப்பெண் போட்டிருந்தார். பாதிக்கப்பட்டவர்களில் பலர் வெள்ளையர் அல்லாத எழுத்தாளர்கள். வாசகர்களும் சக எழுத்தாளர்களும் கணக்குகளை ஒப்பிட்டுக் கண்டுபிடித்துவிட்டார்கள். பதிப்பகம் அவருடைய நாவலைக் கைவிட்டது, முகவரும் விலகிவிட்டார். அடுத்த ஆண்டு வெளிவர இருந்த புத்தகம் அவருடைய கையாலேயே அழிந்தது.

சட்டம் தாமதமாக வந்தது

2015ல் அமேசான் போலி விமர்சனம் விற்ற தளங்கள் மீது வழக்குப் போட்டது. அதே ஆண்டு அக்டோபரில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆட்கள் மீது இன்னொரு வழக்கு. 2016ல் இலவசப் பொருள் கொடுத்து விமர்சனம் எழுத வைப்பதைத் தடை செய்தது. ஆனால் புத்தகத்துக்கு மட்டும் விலக்கு! வெளிவரும் முன்பே விமர்சகருக்குப் பிரதி அனுப்புவது பதிப்புத் தொழிலில் காலங்காலமாக இருக்கும் வழக்கம் ஆயிற்றே. 2019ல் ஒரு வார்த்தைகூட எழுதாமல் நட்சத்திரத்தை மட்டும் தட்டிவிட்டுப் போகும் வசதி வந்தது. எண்ணிக்கை கூடியது, காரணம் குறைந்தது.

2024ல் அமெரிக்காவின் மத்திய வணிக ஆணையம் போலி விமர்சனங்களை விற்பதற்கும் வாங்குவதற்கும் எதிராக விதி கொண்டுவந்தது. அக்டோபரில் அது நடைமுறைக்கு வந்தது. அப்போது ஒரு மீறலுக்கு 51,744 டாலர் வரை அபராதம் என்று இருந்தது. 99 டாலருக்கு விற்ற சரக்குக்கு இந்த விலை! அமேசான் தொடங்கி இருபத்தொன்பது வருடம் கழித்து.

கடைசியில் மிஞ்சுவது

இருநூறு வருடக் கதையைச் சேர்த்துப் பார்த்தால் ஒரே கேள்விதான் திரும்பத் திரும்ப வருகிறது. "யார் சொல்கிறார்கள்?" ஸ்காட் காலத்தில் பத்திரிகை ஆசிரியருக்கு மட்டும் விடை தெரியும். 1995க்குப் பிறகு யாருக்குமே தெரியாமல் போனது. அதற்குப் பின் வந்த உண்மைப் பெயர்ச் சின்னம், பயன்பட்டதா என்ற வாக்கு, வாங்கியவர் என்ற முத்திரை, வழக்கு, அபராதம் எல்லாமே அந்தத் தொலைந்த பூட்டைத் தேடும் முயற்சிகள்தான்.

அதற்காக வாசகர் விமர்சனமே வேண்டாம் என்று சொல்ல முடியுமா? முடியாது. பத்திரிகையில் இடம் கிடைக்காத எத்தனையோ புத்தகங்களுக்கு முதல் வாய்ச்சொல் முகம் தெரியாத ஒரு வாசகரிடமிருந்துதான் வந்தது. பத்திரிகை விமர்சகர் எட்டிப் பார்க்காத காதல் கதைகளையும் பேய்க் கதைகளையும் படித்து, படித்தவர்களுக்கு மரியாதை வாங்கிக் கொடுத்தவர்களும் அவர்கள்தான்.

யேல் ஆய்வின் மூன்றாவது விஷயம் நினைவிருக்கிறதா? வாங்குபவர்கள் எழுத்தையும் படிக்கிறார்கள். நட்சத்திரத்தை விலைக்கு வாங்கலாம், குவிக்கலாம், பறிக்கலாம். ஆனால் "நூறாவது பக்கம் வரை மெதுவாகப் போகிறது, அதற்குப் பிறகு கீழே வைக்க முடியவில்லை. அந்த அம்மா பாத்திரம் மட்டும் ஒட்டவில்லை" என்று எழுத, ஒருவர் அந்தப் புத்தகத்தைப் படித்திருக்க வேண்டும். இப்போது இயந்திரமும் இப்படி எழுதும் என்பது உண்மைதான். ஆனாலும் எதனால் பிடித்தது, எங்கே சறுக்கியது என்று சொல்லும் இரண்டு வரி, ஐந்து நட்சத்திரத்தை விட வாங்குபவருக்கு அதிகம் சொல்லும். இரண்டும் சொல்லும் விமர்சனங்கள் பெரும்பாலும் மூன்று நட்சத்திரத்தில்தான் இருக்கும். அடுத்த முறை அங்கிருந்து படிக்கத் தொடங்கிப் பாருங்கள்.

முக்கியமாக, ஐந்தே ஐந்து விமர்சனம் உள்ள புத்தகத்தை நீங்கள் படித்து முடித்திருந்தால், ஆறாவது உங்களுடையதாக இருக்கட்டும். பிடித்திருந்தாலும் சரி, பிடிக்காவிட்டாலும் சரி. உண்மையை, காரணத்தோடு எழுதுங்கள். அந்தப் பக்கத்தைத் தினமும் ஒருவர் திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்.